மூளையும் நம்பிக்கையும்: மணிமேகலை காட்டும் அளவை நெறி

1. முன்னுரை

இறைவனைக் கண்டேன் என்றோ, முற்பிறப்பு நினைவுக்கு வந்தது என்றோ ஒருவர் கூறுமிடத்து, அக்கூற்றை எதனைக் கொண்டு மதிப்பிடுவது என்பது சமய ஆராய்ச்சியின் பழைய வினாவாகும். மெய்யியலார் இதனை அளவைகளைக் கொண்டு ஆராய்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மூளையியலாரும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டுள்ளனர். அதன் விளைவாக ஒன்றற்கொன்று மாறான இரு முடிபுகள் பரவியுள்ளன. சமய அனுபவம் மூளையின் இயக்கமே; ஆகவே அதற்குப் புறத்தே பொருள் இல்லை என்பர் ஒரு சாரார். சமய அனுபவத்திற்கென மூளையில் அமைப்பு உள்ளது. ஆகவே அதற்குரிய பொருளும் உண்டு என்பர் மற்றொரு சாரார். ஒரே சான்றினின்று இரு மாறுபட்ட முடிபுகள் பிறக்கின்றன எனின், அச்சான்று எதனை நிறுவ வல்லது என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் கருவிகள் தமிழிலேயே உள்ளன. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையாகிய 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'யும், 29ஆம் காதையாகிய 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை'யும் அளவை பற்றிய விரிவான செய்திகளைக் கொண்டவை. உ.வே. சாமிநாதையர் 1898இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்த நாள்தொட்டு, இவ்விரு காதைகளும் பெரும்பாலும் சமய வரலாற்றுக்குரிய சான்றுகளாகவே நோக்கப்பட்டுள்ளன. அவற்றை வாழும் ஒரு வினாவிற்கு விடைதேடும் கருவியாகக் கொண்டு, மூளையியல் சார்ந்த வாதங்களையும் காப்பியத்தின் வாதத்தையும் ஒருங்கே மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பூதவாதியும் மணிமேகலையும்

வஞ்சி நகரத்தில் மணிமேகலை அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பதின்மர் கூறுவனவற்றைக் கேட்கிறாள். இளம்பெண் ஒருத்திக்குச் சமயக் கணக்கர் தம் பொருளை உரையார் என்பதனால் அவள் ஆண் தவசியின் வடிவங்கொண்டு செல்கிறாள். வினவும் உரிமை யார்க்கு உண்டு என்னும் சிக்கல் வினாவிற்கு முன்னதாகவே நிற்கின்றது என்பதைக் காப்பியம் இதனாற் குறிப்பாக உணர்த்துகிறது.

இறுதியில் வரும் பூதவாதியின் கொள்கை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவழி மதுவின் களிப்புத் தோன்றுவது போல, பூதங்களின் கூட்டத்தால் உணர்வு தோன்றும். அவை பிரிந்தவழி உணர்வும் நீங்கும் என்பது அவன் கூற்று. காட்சியன்றிக் கருதல் அளவையை அவன் ஏற்பதில்லை. பிறிதொரு பிறப்பு உண்டு என்பதையும் மறுக்கிறான். முற்பிறப்பை அறிந்தோர் உளர் என்னும் பேச்சு எழுந்தவிடத்து அவன் தரும் விடை கூர்ந்து நோக்கத்தக்கது. தெய்வ மயக்காலும் கனவாலும் பித்தாலும் மனம் வேறுபட்டோர்க்குத் தோன்றுவதே அது என அவன் விளக்குகிறான். பொருளை மறுப்பதோடு அமையாது, அப்பொருளைக் கண்டதாகக் கூறுவோரின் மனநிலைக்குக் காரணமும் கற்பிக்கிறான். இன்று மூளையியலின் பெயரால் முன்வைக்கப்படும் மறுப்பின் வடிவம் இதுவேயாகும்.

மணிமேகலை தரும் விடை சுருக்கமானது. நின் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என வினவுகிறாள். மெய்யுணர்வின்றி மெய்ப்பொருளை உணர்தல் அரிது. ஆதலின் இது பற்றி ஐயம் என்று கூறலாமேயன்றி அதற்குமேல் கூறல் ஆகாது என்பது அவள் கருத்து. இவ்விடையில் இரு கூறுகள் உள்ளன. காட்சி ஒன்றே அளவை என்பானும் வாழ்க்கையில் கருதலையே சார்ந்து நிற்கிறான் என்பது முதற்கூறு. காரண விளக்கம் ஒன்று கிடைத்தமையால் மறுப்பு நிறுவப்பட்டதாகாது. ஐயமே நிறுவப்பட்டது என்பது இரண்டாங்கூறு. பிறர் மனம் மயங்கியது என்னும் பூதவாதியின் கூற்றே ஓர் அனுமானம் என்பதையும் இவற்றோடு சேர்த்து எண்ணலாம். பிறர் மனத்தை அவன் கண்ணாற் கண்டிலன்.

3. மூளையியல் தரும் சான்றுகள்

வலிப்பு நோயைத் தெய்வத்தோடு தொடர்புறுத்தும் வழக்கு மிகப் பழையது. அந்நோய் ஏனைய நோய்களினும் தெய்வத்தன்மை மிக்கதன்று. மூளையே அதற்கு இடம் என்று வாதிடும் நூல் ஒன்று கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் தொகுதியில் உள்ளது. 1970இல் டியூகர்ஸ்ட், பியர்ட் என்னும் மருத்துவர் இருவர், செவியை அடுத்த மூளை மடலில் தோன்றும் வலிப்பு நோயினர் அறுவரிடத்துத் திடீரெனச் சமய மாற்றம் நிகழ்ந்ததைப் பதிவு செய்தனர். 2006இல் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், நோயாளி ஒருவரின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்னோட்டத்தால் தூண்டியபொழுது, தம் பின்னே நிழல் போன்ற ஒருவர் இருப்பதாக அந்நோயாளி உணர்ந்தமையை வெளியிட்டனர்.

நலமுடையோரிடத்தும் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. நியூபெர்க்கும் அவர்தம் குழுவினரும் 2001இல் திபெத்தியப் பௌத்த முறையில் தியானம் பயின்ற எண்மரின் மூளைக் குருதியோட்டத்தை அளந்தனர். பொரிகார்டு, பாக்கெட் ஆகியோர் 2006இல் கார்மல் சபைக் கன்னியர் பதினைவரை ஆராய்ந்தனர். தம் ஆழ்ந்த இறையனுபவத்தை அக்கன்னியர் நினைவுகூர்ந்து மீள உணர முயன்றபொழுது மூளையின் பல பகுதிகள் தொழிற்பட்டன. கடவுளுக்கென மூளையில் தனி இடம் உண்டு என்னும் கருத்திற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை.

இத்துறையின் முடிபுகள் யாவும் உறுதிப்பட்டவை அல்ல என்பதும் கருதத்தக்கது. கனடா நாட்டுப் பெர்சிங்கர், வலுக்குறைந்த காந்தப்புலத்தைத் தலைக்கவசம் ஒன்றன் வழியே செலுத்தி, அருகே எவரோ இருக்கும் உணர்வைத் தோற்றுவிக்கலாம் என்றார். இக்கவசம் பெரும்புகழ் பெற்றது. ஆனால் சுவீடன் நாட்டுக் கிரான்க்விஸ்ட் குழுவினர், காந்தப்புலம் செலுத்தப்பட்டதா இல்லையா என்பதை ஆய்வாளரும் ஆய்வுக்குட்பட்டோரும் அறியாதவாறு சோதனை நடத்தினர். 2005இல் வெளிவந்த அவர்தம் முடிபின்படி, காந்தப்புலத்தால் விளைவு எதுவும் தோன்றவில்லை. பிறர் குறிப்புக்கு எளிதில் வயப்படும் இயல்பே அவ்வுணர்வுகளோடு தொடர்புற்றிருந்தது. கடவுள் நம்பிக்கையை ஆராயப் புகுந்த கருவியையே மக்கள் நம்பிக்கையால் ஏற்றனர் என்பது இதனாற் புலனாகிறது.

4. சாதாரணம் என்னும் ஏதுப்போலி

இச்சான்றுகள் அனைத்தும் மெய்யெனக் கொள்ளினும் அவற்றால் நிறுவப்படுவது யாது? காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அளவை நூற்பகுதி இவ்விடத்துப் பயன்படுகிறது. காட்சி, கருதல் என்னும் இரண்டனையே அளவைகளாகக் கொண்டு, ஏனையவற்றைக் கருதலுள் அடக்கும் அவர், பிழைபட்ட ஏதுக்களைப் பதினான்காக வகுக்கிறார். அவற்றுள் அநைகாந்திகம் என்னும் பிரிவில் அடங்குவது சாதாரணம். நிறுவக் கருதிய தன்மை உள்ளவிடத்தும் அத்தன்மை இல்லாதவிடத்தும் ஒருங்கே காணப்படும் ஏது அது. ஒலி நிலையற்றது, அறியப்படுதலால் என்பது இதற்குக் காட்டு. நிலையற்ற குடமும் அறியப்படுகிறது. நிலைபேறுடைய ஆகாயமும் அறியப்படுகிறது. ஆதலின் அறியப்படுதல் என்னும் ஏது எதனையும் முடிவு செய்யாது.

இவ்வனுபவம் பொய், மூளையின் இயக்கத்தால் தோன்றுதலால் என்னும் வாதமும் இவ்வகையினதே. மரத்தைக் காணும்பொழுதும் மூளை இயங்குகிறது. கணக்கு ஒன்றனைச் சரியாகச் செய்யும்பொழுதும், தவறாகச் செய்யும்பொழுதும் இயங்குகிறது. மெய்யுணர்வுக்கும் பொய்யுணர்வுக்கும் பொதுவாகிய ஒன்று அவற்றைப் பிரித்தறியும் ஏதுவாகாது. மாண்ட்ரியால் நகரத்து அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளரின் மூளையை மின்னோட்டத்தால் தூண்டியபொழுது அவருட் சிலர் இசை கேட்டனர். அங்கே இசைப்போர் எவரும் இலர். அதனால் உலகில் இசையே இல்லை என்று எவரும் முடிவு செய்திலர். இவ்வனுபவம் மெய், மூளையில் அதற்கு அமைப்பு இருத்தலால் என்னும் எதிர்வாதமும் இதே குற்றமுடையது. பேயும் கனவும் தோன்றுவதற்குரிய அமைப்பும் மூளையில் உள்ளது.

மேலைநாட்டு மெய்யியலாரும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். சமயத்திற்கு அறிவில் உள்ள அடிப்படை வேறு, மனித இயல்பில் அது தோன்றிய வரலாறு வேறு என 1757இல் வெளிவந்த நூலில் ஹியூம் பிரித்துரைத்தார். ஞானியரின் அனுபவத்தை நரம்பு நோய் எனப் பெயரிட்டு ஒதுக்குவதை 1902இல் வில்லியம் ஜேம்ஸ் கண்டித்தார். சமயத்தை மருட்சி எனக் கூறிய பிராய்டும், மருட்சி என்பது விருப்பத்தால் எழுவதேயன்றிப் பொய்யாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை என 1927இல் எழுதினார்.

5. தறியும் மகனும்

இதனால் தோற்றக் காரணம் பற்றிய ஆராய்ச்சி பயனற்றது என்று கொள்ளலாகாது. சமயச் சார்புடையோர் பலர் இவ்விடத்தே வாதத்தை முடித்து நிறைவெய்துவர். அளவைவாதி கூறும் செய்தி அவர்தம் நிறைவைக் கலைக்க வல்லது. அவன் சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என அளவைக் குற்றங்கள் எட்டனைக் கூறுகிறான். இவற்றுட் பல, உணர்வு எவ்வாறு தோன்றியது என்பதைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. தோன்றிய வழி பற்றிய கேள்வி அளவை நூலுக்குப் புறம்பானதன்று.

தேராது தெளிதல் என்பதற்கு, நட்ட தறியை ஆராயாது மகன் எனத் துணிதல் காட்டாகும். 1993இல் வெளிவந்த தம் நூலில் கத்ரி என்னும் மானிடவியலார் சமயத்தின் தோற்றத்தை இவ்வகையாகவே விளக்கினார். மங்கிய ஒளியில் புதரைக் கரடி எனக் கொண்டு ஓடியவன் இழப்பது சிறிது. கரடியைப் புதர் எனக் கொண்டு நின்றவன் இழப்பது உயிர். ஆதலின் எங்கும் உயிருடைய ஒன்றனைக் காணும் சாய்வு மனித மனத்திற்கு இயல்பாயிற்று. முகில்களில் முகங்களைக் காண்பதும், இயற்கைக்குப் பின்னே கருத்துடைய ஒருவரைக் காண்பதும் அதன் விளைவுகள் என்பது அவர் கருத்து.

இவ்விளக்கம் கடவுள் இல்லை என நிறுவுவதன்று. தறி நிற்கும் வெளியில் மகன் ஒருவனும் நிற்றல் கூடும். ஆயினும் தறி இருப்பினும் மகன் இருப்பினும் ஒரே உணர்வைத் தரும் மனம், மகன் உளன் என்பதற்குத் தான் ஒன்றே சான்றாதல் இயலாது. தோற்றக் காரணம் பற்றிய ஆராய்ச்சியின் உண்மையான வலிமை இதுவேயாகும். பொருள் இருப்பினும் இல்லாதொழியினும் ஓர் அனுபவம் ஒரே வகையாகத் தோன்றும் என்பது காட்டப்படின், அவ்வனுபவம் காட்சி அளவை என்னும் தகுதியை இழந்து ஐயம் என்னும் நிலையை அடைகிறது. அதன் பின்னரும் அப்பொருள் உண்டு என்பார் வேறு ஏதுவைக் காட்டுதல் வேண்டும். சான்று காட்டும் பொறுப்பு இடம் மாறுகிறது, தீர்ப்பு வழங்கப்பட்டுவிடவில்லை.

6. ஓர் எடுத்துக்காட்டு இருமுறை வருதல்

இக்காதையில் ஒரே எடுத்துக்காட்டு இருவேறு பயன்களுக்கு ஆளப்பட்டுள்ளமை ஆராயத்தக்கது. நினைப்பு என்னும் எட்டாம் குற்றத்திற்கு அளவைவாதி காட்டுவது, காரணமின்றி, இவர் நின் தாய், இவர் நின் தந்தை எனப் பிறர் சொல்ல அவ்வாறே கருதுதலாகும். காதையின் இறுதியில் மணிமேகலையும் தாய் தந்தையரையே சான்றாக்குகிறாள். முன்னது பெற்றோரை அறிந்ததைக் குற்றமாகக் காட்டுகிறது. பின்னது அதனையே கருதல் அளவையின் வலிமைக்குச் சான்றாக்குகிறது.

இதனை முரண் எனக் கொள்ளாது, வேறுபாட்டின் விளக்கமாகக் கொள்ளலாம். இவர் என் பெற்றோர் என்னும் நம்பிக்கை இரண்டிடத்தும் ஒன்றே. அது மெய்யாக இருத்தலும் கூடும். வேறுபடுவது அது நிற்கும் அடிப்படை. பிறர் கூறினர் என்பது ஒன்றே அடிப்படையாயின் அது நினைப்பு. வளர்ப்பு, ஒப்புமை, பலர் கூற்றின் இசைவு முதலியவற்றை ஆராய்ந்து கொண்டதாயின் அது அனுமானம். ஒரு நம்பிக்கை மெய்யா என்பதும், அதனைக் கொண்டவன் அறிந்தவனா என்பதும் தனித்தனி வினாக்கள் என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாக உணர்த்துகிறது.

சமய நம்பிக்கையாளர் பெரும்பாலோர் ஒளியையோ குரலையோ கண்டும் கேட்டும் நம்பினவரல்லர். பெற்றோரும் ஊராரும் கூறியதால் நம்பினர். ஆதலின் மூளையியலார் பெரிதும் ஆராயும் அரிய அனுபவங்களினும், நினைப்பு என்னும் குற்றமே நம்பிக்கை பற்றிய ஆராய்ச்சிக்கு மையமாதல் வேண்டும். இக்குற்றம் சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டதாம் என்ற செவிவழிச் செய்தியைக் கொண்டு சமயத்தை மறுப்பவனும் இதே குற்றத்திற்கு ஆளாகிறான்.

7. நோய் பற்றிய நம்பிக்கைகள்

மூளையியல் ஐயத்தை மட்டுமே தருவது என்னும் முடிபிற்கு ஒரு வரம்பு உண்டு. சில நம்பிக்கைகள் உடலில் நிகழும் ஒன்றற்குக் காரணம் கூறுவன. வலிப்பு பேயால் வருகிறது, மனநோய் பிறர் ஏவலால் வருகிறது, சங்கிலியாற் பிணித்துப் புனித இடத்தில் வைப்பின் அது நீங்கும் என்பன இத்தகையன. இவற்றின் பொருளே காரணம் பற்றியது. ஆதலின் காரணத்தை ஆராயும் அறிவியல் இவற்றை நேராக மறுக்க வல்லது. வலிப்பின்போது மூளையில் நிகழும் மின்னியக்கம் பதிவு செய்யப்படுகிறது. மருந்தால் அது அடங்குகிறது. இங்கே ஏது இருபாலும் பொதுவானதன்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொணரப்பட்ட மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்து வைத்திருந்த விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தீப்பற்றியது. தப்பியோட இயலாது 28 பேர் இறந்தனர். மனநோய்க்கு மருத்துவம் தேடாமைக்கு வறுமையும், மருத்துவமனைகளின்மையும், பேணுவோரின் அலட்சியமும் காரணங்களாம். ஆயினும் நோய்க்குக் காரணம் பற்றிய நம்பிக்கை வினவப்படாது நின்றமையும் அவற்றுள் ஒன்றாகும். எல்லாச் சமய நம்பிக்கையும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது என்பாரும், எல்லாச் சமய நம்பிக்கையும் ஒரே தன்மையது என்பாரும் இவ்விடத்துத் தேவைப்படும் வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர். அடியார் ஒருவரின் தனிமை வழிபாட்டையும், நோயாளியின் காலிற் பூட்டிய சங்கிலியையும் ஒரே சொல்லாற் குறிப்பது அறிவுக்கும் அறத்திற்கும் பொருந்தாது.

8. காப்பியத்தின் குறை

மணிமேகலையின் வாதத்தைப் பாராட்டும்பொழுது அதன் குறையையும் சுட்டுதல் வேண்டும். பிற சமயத்தார் கூற்றுகளை அளவையால் ஆராயும் காப்பியம், தலைவியின் முற்பிறப்புணர்வை அவ்வாறு ஆராய்வதில்லை. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டமையால் அவள் முற்பிறப்பை உணர்ந்தாள் என்பது கதை நிகழ்ச்சியாகவே கூறப்பட்டுள்ளது. அதனைக் கற்போர் ஐயுறாவண்ணம் பின்வரும் நிகழ்ச்சிகள் அமைக்கப்பட்டுள்ளன. பூதவாதிக்கு ஐயமே எல்லை என அறிவுறுத்தியவள், அவ்வெல்லை தனக்கும் உரியதா என வினவிலள். அறவண அடிகள் கூறும் இரு அளவைகளுள் அவ்வுணர்வு எதன்பாற்படும் என்பதும் விளக்கப்படவில்லை.

காப்பியம் சமயப் பரப்புரை நோக்குடையது என்று கூறி இக்குறையைப் பொறுத்துக்கொள்வது எளிது. ஆயின் இந்நூல் தானே அளவைக் கருவிகளைக் கற்போர் கையில் கொடுத்துவிடுகிறது. பதினான்கு ஏதுப்போலிகளையும் எட்டுக் குற்றங்களையும் கற்றவர் அவற்றை நூலாசிரியரின் சமயத்தின்மீதும் செலுத்துவதைத் தடுக்க இயலாது. தன் சமயத்தையும் ஆராய்தற்குரிய கருவியைத் தானே வழங்குவது இந்நூலின் பெருமைகளுள் ஒன்றெனக் கொள்ளலாம்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆராய்ச்சியால் சமய நம்பிக்கைகளை மூவகைப்படுத்தலாம். உடல்நிகழ்ச்சிக்குக் காரணம் கூறும் நம்பிக்கைகளை மூளையியலும் மருத்துவமும் நேராகவே மெய்யா பொய்யா எனத் துணிய வல்லன. தனியொருவர் அனுபவம் ஒன்றனையே அடிப்படையாகக் கொண்ட நம்பிக்கைகளை மூளையியல் ஐயநிலைக்குக் கொணரும், பொய்யென நிறுவாது. உலகின் முதற்காரணம், அறத்தின் அடிப்படை முதலியன பற்றி வாதத்தால் நிறுவ முற்படும் கொள்கைகளை மூளையின் படங்கள் தொடுவதில்லை. அவற்றை வாதத்தாலேயே ஆராய்தல் வேண்டும்.

இம்மூன்றனையும் வேறுபடுத்தாமையால்தான் அறிவியலின் பெயரால் மிகையான மறுப்பும், அனுபவத்தின் பெயரால் மிகையான உறுதியும் எழுகின்றன. நம்பிக்கையை வினவுவோர் தம் ஏது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிந்து வினவுதல் வேண்டும். நம்புவோரும், தாம் அறிந்தது அனுமானமா நினைப்பா எனத் தம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர். ஐயம் என்பதை அளவைவாதி குற்றங்களுள் ஒன்றாக எண்ணினான். பூதவாதிக்கு விடை கூறிய மணிமேகலையோ, அறியப்படாத ஒன்றைப் பற்றி ஒருவர் நேர்மையாகச் சொல்லத்தக்க அளவு அதுவே என்றாள். தேராது தெளிதலினும் ஐயத்தில் நிற்றல் மேலானது என்பதை ஏற்குமிடத்து, நம்புவோர்க்கும் மறுப்போர்க்கும் உரையாடத்தக்க பொது இடம் ஒன்று அமைகிறது.